ஒரு நொடியில் 50 முறை திறந்து மூடும் கதவு!

டர்போ காருக்கு வால்வும் ஸ்பிரிங்கும் வாங்குவது எப்படி?

வீட்டு வாசல் கதவை ஒரு நாளைக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறோம்? இருபது முறை இருக்கும். குழந்தைகள் உள்ள வீடு என்றால் ஐம்பது முறை இருக்கும்.

கார் என்ஜினுக்குள் ஒரு கதவு இருக்கிறது. அது ஒரே நொடியில் 50 முறை திறந்து மூடுகிறது!

அந்தக் கதவின் பெயர்தான் வால்வு. பார்ப்பதற்குக் காளான் போல இருக்கும். மெல்லிய தண்டு. அதன் நுனியில் வட்டமான தலை.

என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வால்வு திறக்கும். ஆகவே நிமிடத்துக்கு 3,000 முறை. நொடிக்கு 50 முறை.

வால்வில் இரண்டு வகை. ஒன்று காற்றை உள்ளே விடுகிறது. மற்றொன்று எரிந்த புகையை வெளியே விடுகிறது. வால்வைத் தள்ளித் திறப்பது கேம் ஷாப்ட். திரும்ப இழுத்து மூடுவது ஸ்பிரிங்.

மைத்துனர் பட்ட பாடு

என் மைத்துனர் ஒரு பழைய டர்போ கார் வாங்கினார். கார் புகை கக்கியது. ஒரு பட்டறையில் விட்டார். "வால்வு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள்.

"செலவு குறைவாக முடியுங்கள், அண்ணே" என்று மைத்துனர் சொன்னார். அவர்களும் குறைவாகவே முடித்தார்கள். எந்த இரும்பில் செய்தது என்று தெரியாத வால்வைப் போட்டார்கள். ஸ்பிரிங்கை மாற்றவே இல்லை. பழையதையே துடைத்துப் போட்டுவிட்டார்கள்.

நான்கு மாதம் ஓடியது. ஒருநாள் இரவு திருச்சி சாலையில் குடும்பத்தோடு வந்துகொண்டிருந்தார். "டக், டக்" என்று சத்தம். அடுத்த நிமிடம் என்ஜின் நின்றுவிட்டது. விடியும் வரை பிள்ளைகளோடு சாலை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

பிரித்துப் பார்த்தபோது வால்வின் தலை ஒடிந்து உள்ளே விழுந்திருந்தது. பிஸ்டனில் ஓட்டை! வால்வில் மிச்சம் பிடித்தது சில ஆயிரம் ரூபாய். போனது முழு என்ஜின்.

டர்போ என்ன செய்கிறது?

சாதாரண என்ஜின் காற்றைத் தானாக உறிஞ்சும். டர்போ என்ஜினுக்குக் காற்றை அமுக்கித் திணிக்கிறார்கள். வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும். அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை உள்ளே தள்ளும். வீணாகப் போகும் புகையை வேலை வாங்குகிற யுக்தி இது!

சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர் ஆல்பிரட் பூஹி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1962-ல் அமெரிக்காவில் இரண்டு கார்களில் இது விற்பனைக்கு வந்தது. இன்று நம் ஊர் டீசல் கார்களில் டர்போ சர்வ சாதாரணம். பெட்ரோல் கார்களிலும் வந்துவிட்டது.

சின்ன என்ஜின் பெரிய சக்தி தருகிறது. ஆனால் அதற்கான கஷ்டத்தை அனுபவிப்பது வால்வு.

கொல்லன் உலைச் சூடு

புகை விடும் வால்வு 700 டிகிரிக்கு மேல் சூடாகும். கொல்லன் உலையில் இரும்பு சிவக்கும் அல்லவா? அந்தச் சூடு. அந்தச் சூட்டிலும் வளையாமல், ஒடியாமல் அது வேலை செய்ய வேண்டும்.

வால்வு மூடியிருக்கும்போது அதன் விளிம்பு 'சீட்' என்ற வளையத்தில் உட்காருகிறது. சூட்டின் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் இறங்குகிறது. மீதி, தண்டு வழியாக இறங்கும். விளிம்பு சரியாக உட்காராவிட்டால் இடுக்கு வழியே நெருப்புப் பாயும். வால்வு கருகிவிடும். அதனால் புது வால்வு மட்டும் போதாது. சீட்டையும் லேத் பட்டறையில் சரிபார்க்க வேண்டும்.

புகை வால்வுக்குக் குரோமியம், நிக்கல், மாங்கனீஸ் கலந்த '21-4என்' என்ற எஃகு பெயர் பெற்றது. சாதாரண ஓட்டத்துக்கு இது தாங்கும். சூடு மிக அதிகமான என்ஜின்களுக்கு 'இன்கொனல்' என்ற நிக்கல் உலோகம் உண்டு. விலை அதிகம். டைட்டானியம் வால்வு ரேஸ்காரர்களின் சமாசாரம். நமக்கு வேண்டாம்.

இன்னொரு அதிசயமும் உண்டு. சில வால்வுகளின் தண்டு உள்ளே குழாய் போல இருக்கும். அதற்குள் பாதிக்கு மேல் சோடியம் அடைத்திருப்பார்கள். 98 டிகிரியில் சோடியம் உருகிவிடும். வால்வு ஆடும்போது அதுவும் மேலும் கீழும் குலுங்கி, தலையின் சூட்டைத் தண்டுக்குக் கொண்டுபோகும். 1920-களில் சாம் ஹெரான் என்ற என்ஜினீயர் விமான என்ஜினுக்காக உருவாக்கிய முறை இது.

உங்கள் காரில் சோடியம் வால்வு இருந்தால் அதே வகையைத்தான் திரும்பவும் போட வேண்டும். பழையதை அறுத்துப் பார்க்கக் கூடாது. சோடியத்தின் மேல் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும்!

ஸ்பிரிங் தோற்றால்?

காற்று விடும் வால்வின் தலை 3.5 சென்டிமீட்டர் அகலம் என்று வையுங்கள். டர்போ ஒரு 'பார்' அழுத்தத்தில் காற்றைத் தள்ளினால், அந்த வால்வின் முதுகில் 9 கிலோவுக்கு மேல் பாரம் விழும். ஸ்பிரிங் மூடப் பார்க்கிறது. காற்றோ திறக்கப் பார்க்கிறது!

ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வு சரியாக மூடாது. சீட்டில் மோதி மோதித் துள்ளும். சக்தி குறையும். கடைசியில் கழுத்து ஒடியும். மைத்துனருக்கு நடந்தது இதுதான்.

"அப்படியானால் இருப்பதிலேயே கெட்டியான ஸ்பிரிங்கைப் போட்டுவிடலாமே?" என்று கேட்பீர்கள்.

அதுவும் தப்பு. அளவுக்கு மீறிய ஸ்பிரிங் கேம் ஷாப்டைத் தேய்த்துவிடும். சீட்டைச் சுத்தியல் போல அடிக்கும். கம்பெனி வைத்த அழுத்தத்திலேயே கார் ஓடுகிறதா? கம்பெனி சொன்ன ஸ்பிரிங்கே போதும். டர்போ அழுத்தத்தைக் கூட்டியவர்கள்தான் கெட்டியானதைத் தேட வேண்டும். அவர்கள் குரோம் சிலிக்கான் கம்பியில் செய்ததைக் கேட்கலாம். ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை ஸ்பிரிங்கும் உண்டு. ஒன்று ஒடிந்தாலும் மற்றது வால்வைப் பிடித்துக்கொள்ளும். தேன்கூடு போல மேலே குறுகிய ஸ்பிரிங் எடை குறைவு. ஆனால் அது ஒற்றை ஸ்பிரிங்.

எதை மாற்றினாலும் ஒன்றைக் கவனியுங்கள். வால்வு முழுதும் திறக்கும்போது ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடு ஒன்று முட்டக் கூடாது. நடுவில் கொஞ்சம் இடம் வேண்டும். அளந்து பார்க்காமல் ஹெட்டை மூட விடாதீர்கள்.

கடையில் என்ன கேட்பது?

கார் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். என்ஜின் நம்பரைச் சொல்லுங்கள். ஒரே காரில் டர்போ உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. இரண்டுக்கும் வால்வு வேறாக இருக்கலாம்.

பெட்டியில் பாகத்தின் நம்பர் இருக்கிறதா? முத்திரை உடையாமல் இருக்கிறதா? பில் தருகிறார்களா? "பில் வேண்டாம், விலை குறைத்துத் தருகிறேன்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஸ்பிரிங்கை ஒன்றிரண்டாக மாற்றாதீர்கள். மொத்த செட்டையும் மாற்றுங்கள். தரையில் வரிசையாக நிற்க வைத்தால் எல்லாம் ஒரே உயரமாக இருக்க வேண்டும். அழுத்தம் பார்க்கும் கருவி லேத் பட்டறையில் இருக்கும். ஒவ்வொன்றையும் அதில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வால்வு கைடு தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ஆயில் சீல் விலை மிகக் குறைவு. பழையதைத் திரும்பப் போட்டால் நீலப் புகை வரும், ஹெட்டை மறுபடி இறக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய வால்வு, பழைய ஸ்பிரிங் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். எண்ணிப் பாருங்கள். 16 வால்வு என்ஜினில் மாற்றினால் 16 வால்வும் கைக்கு வர வேண்டும்.