மேடையின் வாடகையும் வாய்ப்பின் விலையும்

கச்சேரிக்குச் சன்மானம் பெற வேண்டிய கலைஞர் தாமே பணம் கொடுத்து மேடை ஏறும் வழக்கம், சென்னையின் மார்கழி விழாவை ஒட்டிப் பல ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. 1927ஆம் ஆண்டுக் காங்கிரஸ் மாநாட்டையொட்டிச் சென்னையில் கூடிய இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. அதன் பின்னர் சபாக்கள், அதாவது உறுப்பினர் சந்தாவாலும் நன்கொடையாலும் நடைபெறும் கலை அமைப்புகள், நகரெங்கும் பெருகின. மாலைக் கச்சேரிகள் பெயர்பெற்றவர்களுக்கு உரியவையாகவும், அனுமதி இலவசமான பகல் நேரங்கள் பெரும்பாலும் இளையவர்களுக்கு உரியவையாகவும் அமைந்துவிட்ட நிலையில், வருவாய் தராத அந்தப் பகல் நேரங்களுக்கு நன்கொடை என்றும் விழாமலர் விளம்பரம் என்றும் பணம் கேட்கப்படுவதாகக் கலைஞர்கள் சிலர் குறை கூறி வந்துள்ளனர். நட்டுவனார், பாடகர், பக்கவாத்தியக்காரர்கள், ஒப்பனையாளர் ஆகியோருக்கான செலவைத் தாமே ஏற்கும் பரதநாட்டியக் கலைஞருக்கு இது இரட்டைச் சுமையாகும்.

இந்தச் சிக்கல் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ராக் இசைக் கூடங்கள் 1980களில் நுழைவுச்சீட்டுகளை முன்கூட்டியே இசைக்குழுக்களின் தலையில் கட்டி, விற்காதவற்றின் நட்டத்தையும் அவர்களிடமே விட்டன.

அரங்கை வாடகைக்கு எடுப்பதில் தவறேதும் இல்லை. அரங்கேற்றம் நடத்தும் குடும்பம் மண்டபத்துக்கு வாடகை கட்டுகிறது. அது அக்குடும்பத்தின் நிகழ்ச்சி என்பது அழைப்பிதழைப் பார்த்தாலே விளங்கும். ஆனால் சபாவின் நிகழ்ச்சிநிரலில் ஒரு பெயர் இடம்பெறும்போது, தகுதியறிந்து சபா தேர்ந்தெடுத்த கலைஞர் அவர் என்றே ரசிகர் நம்புகிறார். பணம் பெற்றுக்கொண்டு அந்த இடத்தைத் தரும் சபா, தன் மேடையை மட்டுமன்றித் தன் மதிப்பீட்டையும் விற்றுவிடுகிறது.

1956இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாக்கிய நெய்வேலி நகரியம் இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழியைக் காட்டுகிறது. 1998 முதல் நடந்துவரும் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியின் மாலைக் கலை நிகழ்ச்சி மேடையை அந்தப் பொதுத்துறை நிறுவனமே அமைத்துத் தருவதால், அரங்கச் செலவைக் கலைஞரிடம் ஈடுகட்டும் தேவை எழுவதில்லை. எனினும், புரவலர் ஒருவரே ஆகும்போது தேர்வும் ஒரே இடத்தில் குவியும் ஆதலால், யாரை, எந்த அடிப்படையில் அழைப்பது என்னும் கேள்வி அங்கும் எஞ்சி நிற்கிறது. இவ்வூர்ப் பெயரைத் தாங்கிய பாடகர் நெய்வேலி ஆர். சந்தானகோபாலன் மியூசிக் அகாடமியின் 2020ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதுக்குத் தேர்வானார். அத்தகைய விருதுக்கு மதிப்பிருப்பது, அது விலைக்குக் கிடைப்பதன்று என்னும் நம்பிக்கையினாலேயே.

ஆகவே, வாடகை பெற்று நடத்தும் நிகழ்ச்சியை அவ்வாறே அறிவிப்பதும், தேர்ந்தெடுத்து அழைத்தவரிடம் எப்பெயராலும் பணம் பெறாமல், சிறு தொகையாயினும் சன்மானம் அளிப்பதும் சபாக்களின் கடமையாகும். அதற்குப் பணம் போதவில்லையெனில், கலைஞரின் குடும்பத்தை நாடுவதைவிட நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதே நேர்மையானது.