101-ஆம் எண் பஸ்ஸும் பரங்கிப் பாறையும்

சென்னைக்காரர்களுக்குப் பரங்கிமலை தெரியும். பினாங்கில் இருப்பது பரங்கிப் பாறை. மலாய் மொழியில் ‘பத்து’ என்றால் கல், ‘பெரிங்கி’ நம்முடைய பரங்கியேதான். ஆகவே ‘பத்து பெரிங்கி’ என்ற பலகையைப் பார்த்ததும் பத்து என்னவென்று எண்ணத் தொடங்க வேண்டாம். (பத்துமலையிலும் மலைகள் பத்து கிடையாது.)

கடற்கரை விடுதிகள் வரிசைகட்டி நிற்பது தீவின் வடகரையில், இந்தப் பத்து பெரிங்கியில். ஜார்ஜ் டவுன் நகரம் வடகிழக்கு மூலையில். விமான நிலையம் தெற்கே, பாயான் லெப்பாஸில். இந்த மூன்று இடங்களும் மனத்தில் பதிந்துவிட்டால் பினாங்கில் திரிவது பெரிய வித்தையில்லை. தீவின் நடுவில் மலை படுத்திருப்பதால் சாலைகள் பெரும்பாலும் கரையை ஒட்டி வளைந்து போகின்றன. நகரத்திலிருந்து பத்து பெரிங்கி ஏறக்குறைய 15 கிலோமீட்டர்தான். ஆனால் சனி, ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறையிலும் அந்த ஒற்றைக் கரையோரச் சாலையில் ஒரு மணி நேரம் போனாலும் ஆச்சரியமில்லை. இங்கே தூரத்தைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள்.

பினாங்கு மலை ஏறும் இழுவை ரயிலைத் தவிரத் தீவில் வேறு ரயில் இன்னும் ஓடவில்லை. இலகு ரயிலுக்கான வேலை 2025-இல்தான் தொடங்கியது. சுமையெல்லாம் 2007-இல் வந்த ரேபிட் பினாங்கு பஸ்களின் தலையில்தான். நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய எண் 101. வெல்ட் கீ துறைமுக ஜெட்டியில் கிளம்பி, கொம்தார் கோபுரத்தடியில் நின்று, தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை போகும். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு 401ஈ. விமான நிலையத்திலிருந்தே நேரே கடற்கரைக்கு என்றால் 102. சுற்றிச் சுற்றிப் போகும், பெட்டி அதிகமிருந்தால் வாடகைக் காரே நல்லது.

பஸ் ஏறும் முறை நம் ஊர் போலில்லை. நிறுத்தத்தில் சும்மா நின்றால் வண்டி போய்விடும். கையை நீட்ட வேண்டும். நடத்துநர் கிடையாது. முன்வாசலில் ஏறி ஓட்டுநரிடம் இறங்குமிடத்தைச் சொன்னால் அவர் கட்டணத்தைச் சொல்வார். ஒரு வெள்ளி நாற்பது காசில் தொடங்கித் தூரத்துக்கேற்பக் கூடும். ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் ‘வெள்ளி’ என்றுதான் சொல்வார்கள். ஒரு வெள்ளி இருபது ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். நோட்டை நீட்டினால் மீதி கிடைக்காது, பெட்டிக்குள் விழுந்தது விழுந்ததுதான். சில்லறையைத் தனியாக முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிங்கியில் இரவுச் சந்தை களைகட்டுவது பொழுது சாய்ந்த பிறகு. பத்து மணிக்கு மேல் திரும்புகிறவர்கள் பஸ்ஸை நம்பாமல் கிராப் செயலியில் கார் அழைப்பது உத்தமம்.

என்னைக் கேட்டால், தங்குவதற்கு ஜார்ஜ் டவுனைத்தான் சொல்வேன். கடலை ஒரு பகலில் பார்த்துவிடலாம். ஊரை அப்படிப் பார்க்க முடியாது. 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பழைய நகரம் முழுவதையும் காலாலேயே அளந்துவிடலாம். ‘லெபு’ என்றால் தெரு, ‘ஜாலான்’ சாலை, ‘லோரோங்’ சந்து. லெபு குவீனில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில், பக்கத்திலேயே செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த லெபு பினாங்கு, சில நிமிட நடையில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதைக்கு ‘அஞ்சடி’ என்று பெயர். வெயிலுக்கும் மழைக்கும் அதைப்போல ஒன்றில்லை. ஆனால் நாலு கடைக்கு ஒரு முறை மோட்டார் சைக்கிளோ பூச்சட்டியோ துணிக்கட்டோ வழியை மறிக்கும். சாலையில் இறங்கி ஏற வேண்டும். தள்ளுவண்டிக் குழந்தையோடு வருகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். கால் ஓய்ந்தால் நகருக்குள் சுற்றும் இலவச பஸ் உண்டு. திரிஷாவும் உண்டு, நம் ரிக்‌ஷாவுக்கு நேர்மாறாக, ஓட்டுகிறவர் பின்னால், நீங்கள் முன்னால். ஏறுவதற்கு முன் கூலியைப் பேசிவிடுங்கள்.

பினாங்கு மலைக்குப் பஸ் எண் 204. அடிவாரத்திலிருந்து 1923 முதல் இழுவை ரயில் ஓடுகிறது. முன்பு பாதியில் இறங்கி மாற வேண்டும். 2011-இல் புதுப்பித்த பிறகு ஒரே மூச்சில் ஏறிவிடுகிறது. காலையில் சீக்கிரம் போங்கள், வரிசை நீளம்.

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் இறங்குவார்கள். பாலம் இரண்டு இருந்தாலும் (1985-இல் ஒன்று, 2014-இல் ஒன்று) படகில் வாருங்கள். நிலையத்தை ஒட்டியே துறை. 2023-இல் வந்த புதுப் படகுகளில் கார் ஏறாது, ரொக்கம் செல்லாது, கார்டு போதும்.

வண்டி எடுத்து ஓட்ட ஆசையா? இடப்பக்கம்தான், நம்மைப்போலவே. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். நகருக்குள் அது தலைவலி. மேற்கே பாலேக் பூலாவின் டுரியான், ஜாதிக்காய்த் தோட்டங்களுக்குப் போகத்தான் பயன்.

தைப்பூச நாட்களில் மட்டும் மேலே சொன்னது எதுவும் செல்லாது. செட்டியார்களின் வெள்ளி ரதம் 1894-ஆம் ஆண்டினது. அது புறப்பட்டால் சாலைகள் மூடப்படும், பஸ்கள் தடம் மாறும். அப்போது எல்லோரோடும் சேர்ந்து தண்ணீர்மலைக்கு நடப்பதுதான் வழி. அடிவாரம் சேர்ந்த பிறகும் முருகனைப் பார்க்க 513 படிகள் இருக்கின்றன. காலில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.