ஏசி இல்லாத வீட்டில் பெரியவங்க... ஃபேன் காத்து மட்டும் போதுமா?

கத்திரி வெயில் வந்தாலே வீட்டுப் பெரியவங்களுக்கு ஃபேனைப் போட்டுவிட்டு நிம்மதியாகி விடுகிறோம். ஆனால் அது மட்டும் போதாது. ஏன்?

வயதானால் வியர்வை குறையும், தாகமும் சரியாகத் தெரியாது. வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் சூட்டைத்தான் உடம்பில் அடிக்கும்.

என்ன செய்யலாம்?

* ஈரத்துணியால் கை, கால், கழுத்தைத் துடைத்துவிட்டு ஃபேன் போடுங்க. ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூடு இறங்கும்.
* வெயில் விழும் ஜன்னலைப் பகலில் மூடி, இரவில் திறங்க.
* மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் கீழே சூடு குறையும்.
* ‘வேணாம்ப்பா’ன்னு சொன்னாலும் அடிக்கடி தண்ணீர், மோர் கொடுங்க. இதயம், கிட்னி பிரச்சினை இருந்தால் அளவை டாக்டரிடம் கேளுங்க.

பேச்சு குழறினாலோ, மயங்கினாலோ தாமதிக்காமல் 108-ஐ அழையுங்க.