குருதியில் உலாவும் காவற்படை

காலில் முள் தைத்தால் அதனைப் பிடுங்கி எறிந்துவிட்டு நம் வேலையைப் பார்க்கின்றோம். அம்முள்ளோடு உட்புகுந்த கிருமிகளை அழித்தவர் யார் என்று நாம் எண்ணுவதில்லை. வெண்குருதிக் கலங்களைப் பலரும் அறிவர். அவற்றுக்குத் துணைநின்று போரிடும் புரதப் படையொன்று குருதிநீரில் இருப்பதைச் சிலரே அறிவர்.

இதனைத் தெளிவாகக் காட்டியவர் பெல்ஜிய அறிஞர் யூல்ஸ் போர்டே. 1895ஆம் ஆண்டில், பாரிஸ் மாநகரின் பாஸ்டர் நிலையத்தில், அவர் வாந்திபேதிக் கிருமிகளை ஆராய்ந்தார். அவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற விலங்கின் சீரம் அக்கிருமிகளைக் கரைத்தழித்தது. அதனை ஏறக்குறைய 55 பாகை சென்டிகிரேட் வரை சூடாக்கவே அவ்வாற்றல் மறைந்தது. பின்னர், எதிர்ப்புச் சக்தி பெறாத விலங்கொன்றின் புதிய சீரத்தைச் சேர்த்ததும் இழந்த ஆற்றல் மீண்டது! ஆகவே, இரு பொருள்கள் ஒன்றுகூடியே கிருமியை அழிக்கின்றன என்பது புலனாயிற்று. ஒன்று, குறித்த கிருமியை இனங்காண்பதும் வெப்பத்தைத் தாங்குவதுமான பிறபொருளெதிரி; மற்றது, இயல்பாகவே குருதியில் உள்ளதும் வெப்பத்தால் அழிவதுமான 'நிரப்பி'. போர்டே 1919ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார்.

நிரப்பி என்பது தனியொரு பொருளன்று. முப்பதுக்கு மேற்பட்ட புரதங்களின் தொகுதியாகும். இவற்றுட் பெரும்பாலானவை ஈரலில் உருவாகிச் செயலற்ற நிலையிற் குருதியில் உலாவுகின்றன. கிருமி புகுந்ததும் ஒன்று மற்றொன்றைத் தூண்டி எழுப்புகின்றது. சி3 என்னும் புரதம் பிளவுபட, அதன் பெருந்துண்டு கிருமியின்மேல் ஒட்டிக்கொள்கின்றது. அந்த அடையாளத்தைப் பற்றிக்கொண்டே வெண்குருதிக் கலங்கள் கிருமியை எளிதில் விழுங்குகின்றன. வேறு சிறு துண்டுகள் மேலும் பல கலங்களை அவ்விடத்துக்கு அழைக்கின்றன. இறுதியிற் சில புரதங்கள் வளையமாகக் கூடிக் கிருமியின் மென்சவ்விலே துளையிட, அது வெடித்து மடிகின்றது. தடித்த சுவருடைய கிருமிகள் இத்துளைக்குத் தப்பினும், விழுங்கும் கலங்களுக்கு எளிதில் தப்புவதில்லை. நம் சொந்தக் கலங்களை இப்படை தாக்காவண்ணம் தடுக்கும் புரதங்களும் உடலில் உள.

துளையிடும் இப்புரதங்களுள் ஒன்று பிறப்பிலேயே குறைவுற்றோர் சிலர் உளர். மெனிங்கோகொக்கஸ் என்னும் கிருமியால் வரும் மூளையுறைக் காய்ச்சல் அவர்களை மீண்டும் மீண்டும் பற்றக்கூடும். ஒரு பிள்ளைக்கு இந்நோய் இரண்டாம் முறை கண்டால், விதியென்று சோர்ந்திருத்தல் தகாது. சிகிச்சை முடிந்ததும் நிரப்பியைச் சோதிக்குமாறு வைத்தியரைக் கேட்டல் வேண்டும். குறை பரம்பரை வழி வருவதாதலின் உடன்பிறந்தோரையும் சோதித்தல் நன்று. குறையிருப்பினும் தடுப்பூசி பெருந்துணையாகும். அதனால் உண்டாகும் பிறபொருளெதிரிகள் கிருமியை விழுங்கும் கலங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். படையில் ஒரு வீரன் இல்லையென்று அறிந்தாலன்றோ அவ்விடத்திற்குக் காவலிட முடியும்!