செத்தல் மிளகாயும் உழுந்தும்

1974 ஆம் ஆண்டளவில் கொழும்பில் பாணுக்கு விடியமுன்னமே வரிசை. இரண்டு கொத்துக்கு மேல் அரிசி கொண்டு போனால் சாவடியில் பறித்துவிடுவார்கள். அதே ஆண்டுகளில் வன்னியில் கல்வீடுகள் எழும்பின. பிரதமர் சிறிமாவோவின் அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கிப் பிடித்ததால் செத்தல் மிளகாய்க்கு என்றுமில்லாத விலை கிடைத்தது. மேட்டுக்காணி வைத்திருந்தவர் கிணறு வெட்டினார், இறைப்பு மெசின் வாங்கினார். 1977 இல் ஜே.ஆர். ஆட்சிக்கு வந்து சந்தையைத் திறந்துவிட, விலை விழுந்தது. மெசின் மட்டும் மிஞ்சியது.

பிறகு வந்தது போர். வவுனியாவுக்கு வடக்கே மண்ணெண்ணெய், பசளை, சவர்க்காரம், பற்றரி எல்லாவற்றுக்கும் தடை அல்லது கட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. மிளகாய்க் காலத்தைப் போல இந்தச் சமாளிப்பையும் வாய்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. அது உயிர் தப்புவதற்கான வழி.

போர் முடிந்து, இன்று நெளுக்குளம் என்ற ஊர் வவுனியா நகரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. குளத்துக்குக் கீழே நெல், மேட்டில் உழுந்து. 2020 இல் அந்நியச் செலாவணி இல்லாமல் அரசு உழுந்து, பயறு, மஞ்சள் இறக்குமதியை மட்டுப்படுத்தியதும் பழைய கதை திரும்பியது. உழுந்து கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்ட, தோசைக்கடைக்காரர் திண்டாடினார், விதைத்தவர் நிமிர்ந்தார். 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது யூரியா இல்லாமல் நெல் வெளிறிப் போனது. வேர் முடிச்சிலேயே தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும் உழுந்துக்கு அந்த அடி அவ்வளவாக விழவில்லை. 2022 இல் 13 மணி நேர மின்வெட்டும் பெற்றோல் வரிசையும் வந்தன. மூலையில் கிடந்த சைக்கிள்கள் தெருவுக்கு இறங்க, சைக்கிள் திருத்துபவருக்குக் கை ஓயாத வேலை.

ஆனால் உழுந்து சும்மா காசு தருவதில்லை. காலபோகத்தில் விதைத்து, 70, 75 நாளில் செடியைப் பிடுங்கி, படங்கில் பரப்பிக் காயவிட வேண்டும். காய்ந்ததும் மேலே உழவு இயந்திரத்தை ஓட்டி, காற்றுப் பார்த்துத் தூற்றுவார்கள். நெற்று முற்றும் நேரத்தில் தை மழை பிடித்தால் பருப்பு செடியிலேயே முளைத்துவிடும். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் மூன்று நாள் மழையில் போய்விடும்.

மிளகாய்க்காரருக்கு 1977 இல் நடந்தது உழுந்துக்காரருக்கும் நடக்கும் என்பதுதான் என் பயம். இறக்குமதிக் கப்பல் வருவதையும் வராததையும் தீர்மானிப்பது கொழும்பு. மூட்டையாக விற்றவருக்கு ஒரு போகத்து விலைதான். வறுத்து அரைத்துப் பக்கற்றில் அடைத்தால் உழுத்தம்மா ஆண்டு முழுவதும் போகும். சாமத்தியப்பட்ட பிள்ளைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் உழுத்தங்களி கிண்டாத தமிழ் வீடு குறைவு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் அதைத் தேடி வாங்குகிறார்கள். விலை நல்லாயிருக்கும் காலத்திலேயே நெளுக்குளம் போன்ற ஊர்களுக்கு வேண்டியவை மூன்று: மழைக்கு மூடிக் காயவைக்கச் சீமெந்துத் தளம், பெண்கள் சங்கமே நடத்தும் அரைக்கும் ஆலை, நல்ல விதை. அடுத்த காலபோகத்துக்கு முன்னரே இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.