ஊர் சிம்மைக் கழற்றலாமா?

மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா கிளம்பும் பெற்றோர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "தம்பி, நம்ம ஊர் சிம்மைக் கழட்டி வச்சுட்டுப் போயிடலாமா? ரோமிங்னு பில்லு தீட்டிடுவானாமே?"

கழற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் சிம்மை பீரோவில் பத்திரமாகப் பூட்டிவிட்டு விமானம் ஏறினார். மூன்றாவது மாதம் ஊரில் அவர் தம்பிக்கு அவசர அறுவை சிகிச்சை. கணக்கில் பணம் இருக்கிறது, அனுப்ப முடியவில்லை. வங்கியின் ஓடிபி வர வேண்டிய சிம் பீரோவுக்குள் தூங்குகிறது. சாவி அவர் இடுப்பில், நியூ ஜெர்சியில்!

ரோமிங் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த பயம் பாதி போய்விடும். சிம்முக்குள் இருக்கும் முக்கியமான சங்கதிகள் இரண்டு. ஒன்று ஐஎம்எஸ்ஐ எனப்படும் அடையாள எண், அதிகபட்சம் 15 இலக்கம். முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைச் சொல்லும். இந்தியாவுக்கு 404, 405 போன்றவை. அமெரிக்காவுக்கு 310 முதல் ஆரம்பிக்கும். இன்னொன்று ஒரு ரகசியச் சாவி. அதன் நகல் உங்கள் இந்திய நிறுவனத்தின் சர்வரில் மட்டும்தான் இருக்கும்.

நியூவர்க் விமான நிலையத்தில் போனை ஆன் செய்கிறீர்கள். அங்குள்ள டவர் 404ஐப் பார்த்ததும், "இது நம்ம ஆள் இல்லையே" என்று இந்தியாவைக் கேட்கும். இந்தியாவிலிருந்து ஒரு புதிர் எண்ணும், அதற்கு வர வேண்டிய விடையும் போகும். உங்கள் சிம் தன்னிடமுள்ள சாவியை வைத்து அந்தப் புதிரை விடுவிக்கும். விடை பொருந்தினால் அனுமதி. சாவி மட்டும் கடைசிவரை காற்றில் போகவே போகாது. உடனே ஊர்ப் பதிவேட்டில், 'இந்தச் சந்தாதாரர் இப்போது இன்ன அமெரிக்க நெட்வொர்க்கில் இருக்கிறார்' என்று எழுதப்பட்டுவிடும். எச்எல்ஆர் என்று சொல்வது இந்தப் பதிவேட்டைத்தான். (இதெல்லாம் நடக்க இரு நிறுவனங்களுக்கும் ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஜிஎஸ்எம்மில் அப்படி முதல் ஒப்பந்தம் 1992இல் டெலிகாம் பின்லாந்துக்கும் பிரிட்டனின் வோடபோனுக்கும் இடையே போடப்பட்டது.)

ஓடிபி எஸ்எம்எஸ் இந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் உங்களைத் தேடி வருகிறது. இன்டர்நெட் தேவையே இல்லை. டேட்டா ரோமிங்கை அணைத்து வைத்தாலும் வரும், எஸ்எம்எஸ் பெறுவதற்குப் பொதுவாகக் காசும் கிடையாது.

பில்லைத் தீட்டுவது மற்ற இரண்டும்தான். குரல் அழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மாமாவும் மாமியும் ஒரே கடையில் ஆளுக்கொரு பக்கம், இருவரிடமும் இந்திய சிம். மாமா கூப்பிட்டால் அழைப்பு இந்தியா போய், மாமி எங்கே என்று விசாரித்து, மறுபடி அமெரிக்கா வரும். மாமாவுக்கு வெளிநாட்டு அழைப்புக் கட்டணம், மாமிக்கு எடுத்த கட்டணம். நீட்டி மடக்கி வாசிக்கும் டிராம்போன் வாத்தியத்தின் பெயரையே இன்ஜினியர்கள் இதற்கு வைத்திருக்கிறார்கள். போனை எடுக்காமல் விட்டால் வேறு எண்ணுக்குப் போகும்படி கால் ஃபார்வர்டிங் போட்டிருந்தால் இன்னும் மோசம். அழைப்பு அமெரிக்கா வரை வந்து, திரும்ப ஊருக்கே போகலாம். அதற்கும் உங்கள் கணக்கில்தான் பில். கிளம்புமுன் ##002# அடித்து அதை ரத்து செய்துவிடுங்கள்.

டேட்டாவும் பெரும்பாலும் இப்படித்தான் ஊர் சுற்றும். பக்கத்துத் தெரு மேப் கூட இந்தியாவிலிருக்கும் கேட்வே வழியாகப் போய்த்தான் வரும். அதனால் தாமதம். இணையதளங்களும் நீங்கள் இந்தியாவில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். சீனாவுக்குப் போகிறவர்கள் ரோமிங் சிம்மில் கூகுள் திறப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் கட்டணம் இவ்வளவு எகிறுவதற்கு இந்தச் சுற்று மட்டும் காரணமில்லை என்பது என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் 15 ஜூன் 2017 முதல் தன் உறுப்பு நாடுகளுக்குள் ரோமிங் கூடுதல் கட்டணத்தைச் சட்டம் போட்டு நீக்கியது. அதற்காக யாரும் டவர்களை மாற்றிக் கட்டவில்லை.

ஆகவே இரட்டை சிம் போனில் ஊர் சிம் ஓடிபிக்கு, உள்ளூர் சிம் டேட்டாவுக்கும் பேச்சுக்கும். ஊர் சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே ஓடும். காண்டாக்ட் எண்களை எல்லாம் +91 சேர்த்துச் சேமியுங்கள், வெறும் பத்து இலக்கம் அங்கே போகாது. பழைய பட்டன் போனை நம்பி எடுத்துப் போகாதீர்கள். ஏடி அண்ட் டி 2017லேயே 2ஜியை நிறுத்திவிட்டது, 2022 பிப்ரவரியில் 3ஜியையும்.

சர்வதேச ரோமிங்கை ஊரிலிருக்கும்போதே ஆன் செய்யச் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் தங்குவதென்றால் அதுவரை தாங்கும் ரீசார்ஜும் போட வேண்டும். இடையில் வேலிடிட்டி தீர்ந்துபோனால் பீரோ சிம்மும் இதுவும் ஒன்றுதான். மறந்துவிடுவீர்கள் என்றால் உங்கள் எண்ணைப் பையனிடமோ பக்கத்து வீட்டிலோ கொடுத்து, அங்கிருந்தே போடச் சொல்லலாம்.