சாபாத் தீவில் முதல் நாள்

கரீபியன் கடலில் விடுமுறையைக் கழிக்க எண்ணி, நெதர்லாந்து ராஜ்யத்தைச் சேர்ந்த சாபாத் தீவுக்குப் பிரயாணமாகிறவர், சின்ட் மார்ட்டினில் பெரிய விமானத்தை விட்டிறங்கி, இருபது பேர்கூடக் கொள்ளாத சிறு விமானத்தில் ஏறி, கால் மணி நேரத்திற்குள், இரு முனைகளிலும் பாறை சரிந்து கடலில் இறங்கும் ஓடுபாதையை அடைகிறார். 1963-ல் திறக்கப்பட்ட அதன் நீளம் சுமார் 400 மீட்டர்தான். பயணிகள் விமானம் வந்து போகும் பாதைகளில் அதைவிடக் குறுகியது உலகில் இல்லை என்பார்கள்.

ஆயினும், விமானம் இறங்கும் விந்தையைக் காட்டிலும், அங்கிருந்து வளைந்து வளைந்து மேலேறும் சாலையே அதிக ஆச்சரியத்திற்குரியது. இம்மலையில் சாலை அமைப்பது அசாத்தியம் என்று நிபுணர்கள் கைவிரித்துவிட, ஜோசபஸ் லாம்பர்ட் ஹாசல் என்னும் தீவுவாசி, தபால் மூலமாகவே பொறியியல் பயின்று, ஊராரைத் துணைக்கொண்டு, கைவேலையாகவே அதை உருவாக்கினார். தீவின் முதல் மோட்டார் வண்டி 1947-ல் வந்து சேர்ந்தது.

மணற்கரையில் சாய்ந்து கிடக்கலாம் என்று வந்தவருக்கு ஏமாற்றந்தான். வெண்சுவரும் செங்கூரையுமான வீடுகளுக்கிடையே சற்று உலாவிவிட்டு, அன்றிரவு அவர் கால்களுக்கு ஓய்வு கொடுப்பது உத்தமம். ஏனெனில், மறுநாள் சீனரி சிகரத்தைக் காண, ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் ஏறவேண்டும்.